அடுப்பு மூட்டாத இனிப்பு

நுழையும் முன்

சித்திரை வெயில் ஏறும் நாள்களில் அடுப்பருகே நிற்க எவருக்கும் மனம் வருவதில்லை. உடலும் கனமான உணவை விரும்புவதில்லை. அந்நாள்களுக்கென்றே மரங்கள் கனிகளைத் தருகின்றன. கனி என்பது கதிரவன் சமைத்த உணவு. அதற்கு நெருப்பு வேண்டுவதில்லை. ஆனால், நல்ல கனியை அறிந்து எடுக்கும் அறிவும், அது கனியும்வரை காத்திருக்கும் பொறுமையும் வேண்டும். பெங்களூரு சிவாஜிநகரில் வாழும் ஒரு தமிழ்ச் சிறுமி அவ்விரண்டையும் கற்றுக்கொண்ட கதையை இப்பாடம் கூறுகிறது.

1. தண்டும் சந்தையும்

ஆங்கிலேயர் 1809ஆம் ஆண்டு பெங்களூருவில் படைக் குடியிருப்பு ஒன்றை அமைத்தனர். படையைக் குறிக்கும் ‘தண்டு’ என்னும் சொல்லால் மக்கள் அதனை அழைத்தனர். சென்னை மாகாணத்துப் படைப்பிரிவுகளோடு வீரர்கள் மட்டும் வரவில்லை. தச்சர், கொத்தனார், தையற்காரர், சமையற்காரர், வணிகர் எனப் பலதொழில் செய்த தமிழரும் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறினர். இன்று சிவாஜிநகர் எனப்படும் பகுதி அந்தத் தண்டுக்குள் அடங்கியிருந்தது. தமிழும் கன்னடமும் தக்கினி உருதும் ஒரே தெருவில் ஒலிக்கும் ஊராக அது வளர்ந்தது.

அவ்வூரின் நடுவில் ரஸ்ஸல் சந்தை இருக்கிறது. 1927ஆம் ஆண்டு கட்டப்பட்ட இக்கட்டடத்தை 1933ஆம் ஆண்டு இஸ்மாயில் சேட் என்னும் வணிகர் திறந்துவைத்தார். அக்காலத்து நகராட்சி ஆணையர் ரஸ்ஸலின் பெயர் இதற்குச் சூட்டப்பட்டது. 2012ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் நேர்ந்த தீ விபத்தில் பல கடைகள் எரிந்தன. எனினும் வணிகர்கள் சந்தையைக் கைவிடவில்லை. காயும் கனியும் பூவும் மீனும் இன்றும் அங்கே விற்கப்படுகின்றன. சந்தைக்கு அருகில் புனித மரியன்னை பேராலயம் உயர்ந்து நிற்கிறது. செப்டம்பர் 8ஆம் நாள் அங்கு நடைபெறும் திருவிழாவுக்குத் தமிழர் பெருந்திரளாகக் கூடுவர்.

2. முதல் முயற்சி

சந்தைக்குப் பின்னால் உள்ள சிறு தெரு ஒன்றில் அச்சிறுமியின் வீடு இருந்தது. அவள் மத்தியப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படித்தாள். தமிழை விருப்ப மொழியாக எடுத்திருந்தாள். கோடை விடுமுறைக்கு முன் பள்ளியில் ‘தீயின்றிச் சமைத்தல்’ என்னும் போட்டி நடைபெறவிருந்தது. ஒவ்வொரு மாணவரும் அடுப்பைப் பயன்படுத்தாமல் ஓர் உணவைச் செய்யவேண்டும். அதனைத் தாம் கற்கும் விருப்ப மொழியில் இரண்டு மணித்துளி விளக்கவேண்டும். இதுவே விதி.

“பழக்கலவை செய்வது எளிதுதானே!” என்று சிறுமி எண்ணினாள். ஒரு வாரத்திற்கு முன்பே ஒத்திகை பார்த்தாள். மாலையில் வாங்கிவந்த மாம்பழத்தையும் வாழைப்பழத்தையும் நறுக்கினாள். இனிப்புக் குறையக்கூடாது என்று கை நிறையச் சர்க்கரையைக் கொட்டினாள். குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டு உறங்கச் சென்றாள்.

காலையில் கிண்ணத்தைத் திறந்தவளுக்கு அழுகையே வந்துவிட்டது. வாழைத்துண்டுகள் கறுத்திருந்தன. கிண்ணத்தின் அடியில் நீர் தேங்கி நின்றது. மாம்பழமோ புளித்தது.

வீட்டுத் திண்ணையில் பூத்தொடுத்துக்கொண்டிருந்த பாட்டி எழுந்து வந்தார். வேலூர்ப் பக்கத்திலிருந்து திருமணமாகி இவ்வூருக்கு வந்தவர் அவர். அப்பகுதித் தமிழர் வீடுகளில் பாட்டியை ‘ஆயா’ என்று அழைப்பது வழக்கம்.

“என்ன கண்ணு, இப்படி முகம் வாடியிருக்கிறது?”

“எல்லாம் வீணாகிவிட்டது ஆயா. நான் சர்க்கரைகூட நிறையப் போட்டேன்.”

ஆயா ஒரு துண்டை எடுத்துச் சுவைத்தார். “இந்த மாங்கனி வெம்பல். இதற்கு எத்தனைச் சர்க்கரை போட்டாலும் இனிக்காது. வா, நாளை சந்தைக்குப் போவோம்.”

சிறுமி விழித்தாள். “வெம்பல் என்றால் என்ன ஆயா?”

ஆயா உடனே விடை கூறவில்லை. தம் பேத்திக்கு அந்தச் சொல் தெரியவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் புலப்பட்டது. சந்தையில் கன்னடமும் உருதும் பேசிப் பேசி, அவரும் அச்சொல்லைச் சொல்லிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

3. சந்தையில் ஒரு பாடம்

மறுநாள் காலையில் இருவரும் ரஸ்ஸல் சந்தைக்குச் சென்றனர். சிறுமியின் கையில் ஒரு குறிப்பேடு இருந்தது.

முதலில் வாழைக்கடை. கூரையிலிருந்து தாறுகள் தொங்கின. “மரத்தில் விளைந்த முழுக்குலைக்குத் தாறு என்று பெயர். அதில் அடுக்கடுக்காக இருப்பது சீப்பு. சீப்பிலிருந்து பிரித்தால் பழம்” என்றார் ஆயா. சிறுமி எழுதிக்கொண்டாள். கடைக்காரர் ஏலக்கி என்னும் சிறு வாழைப்பழத்தில் ஒரு சீப்பை எடுத்துக் கொடுத்தார். கன்னடத்தில் ஏலக்காய்க்கும் ஏலக்கி என்றே பெயர்.

அடுத்து மாம்பழக்கடை. கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரம், இராமநகரம் ஆகிய இடங்களிலிருந்து பெங்களூருவுக்கு மாம்பழங்கள் வருகின்றன. பாதாமி, ரஸ்புரி, மல்கோவா, செந்தூரா எனக் குவியல்கள் இருந்தன. கிளியின் அலகைப்போல் நுனி வளைந்த ஒருவகையைச் சிறுமி சுட்டிக்காட்டினாள். கடைக்காரர் அதனைத் ‘தோத்தாபுரி’ என்றார். “எங்கள் ஊரில் அது கிளிமூக்கு மாங்காய்” என்று ஆயா சிரித்தார்.

ஆயா ஒவ்வொரு கனியையும் கையில் எடுத்தார். காம்பருகே முகர்ந்தார். மெல்ல அழுத்தினார்.

“இது பிஞ்சிலேயே சூட்டால் பழுத்தது, தோல் மஞ்சளாக இருக்கும், உள்ளே புளிக்கும். இதுதான் வெம்பல். இது தோல் சுருங்கிய பழம், சிவியல் என்போம். இது மிகக் கனிந்து குழைந்துவிட்டது, அளியல். இன்றே உண்டால் நல்லது, நாளைக்கு ஆகாது. அதோ, அந்த நாற்றம் வீசுவது அழுகல். அதைத் தொடாதே.”

சிறுமிக்கு வியப்பாக இருந்தது. கெட்டுப்போன பழம் என்னும் ஒரே தொடரால் அவள் சொல்லிவந்தவற்றுக்கு நான்கு சொற்கள் இருந்தன. நான்கும் நான்கு வேறு நிலைகளைக் காட்டின. சொல்லைக் கற்றதும் கனிகளும் அவள் கண்ணுக்கு வெவ்வேறாகத் தெரியத் தொடங்கின. ஒரு குவியலைச் சுட்டி, “ஆயா, இவை அளியல்தானே?” என்று கேட்டாள்.

“ஆம், கண்ணு” என்றார் ஆயா. கடைக்காரரும் சிரித்துவிட்டார்.

கடைசியாகப் பலாப்பழக்கடை. “அம்மா, ஹலசு நன்றாக இனிக்கிறது. சுளை எடுத்துத் தரட்டுமா?” என்று கடைக்காரர் கேட்டார். கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொண்டு அவர் பழத்தைப் பிளந்தார். எண்ணெய் தடவினால் பலாப்பால் ஒட்டாது. சடையை நீக்கிப் பொன்னிறச் சுளைகளை எடுத்து வைத்தார்.

“ஹலசு என்றால் பலாவா?” என்று சிறுமி கேட்டாள்.

“ஆம். பலா, ஹலசு. இரண்டையும் சொல்லிப் பார். அக்காள் தங்கையைப்போல் இல்லையா?” என்றார் ஆயா.

4. காத்திருந்த மூன்று நாள்

ஆயா வாங்கிய மாங்காய்கள் நன்கு முற்றியிருந்தன. ஆனால் இன்னும் பழுக்கவில்லை. “போட்டி இன்னும் நான்கு நாளில் வந்துவிடும் ஆயா. பழுத்ததையே வாங்கியிருக்கலாமே!” என்று சிறுமி கவலைப்பட்டாள்.

“முற்றிய காய் தானே கனியும். நாம் காத்திருந்தால் போதும்” என்றார் ஆயா. மரப்பெட்டியில் வைக்கோல் பரப்பி, மாங்காய்களை ஒன்றன்மேல் ஒன்று அழுந்தாதவாறு அடுக்கி மூடினார்.

காய் கனியும்போது அதிலிருந்து எத்திலீன் என்னும் வளி வெளிப்படுகிறது. மூடிய இடத்தில் அது தங்கி, அருகிலுள்ள காய்களையும் கனியச் செய்கிறது. காயில் இருந்த மாவுப்பொருள் சர்க்கரையாக மாறுகிறது. புளிப்புக் குறைகிறது. மணம் பிறக்கிறது. வைக்கோலில் வைக்கும் பழைய வழக்கத்தின் உள்ளே இந்த அறிவியல் இருக்கிறது.

விரைவாக விற்கவேண்டும் என்னும் ஆசையால் சிலர் கால்சியம் கார்பைடு என்னும் வேதிப்பொருளை வைத்துக் காய்களைப் பழுக்கவைப்பதுண்டு. ‘கல் வைத்துப் பழுக்கவைத்தல்’ என்று மக்கள் இதனைக் கூறுவர். ஈரம் பட்டால் அக்கல்லிலிருந்து அசிட்டிலீன் வளி வெளிவரும். நஞ்சாகிய ஆர்சனிக்கும் பாஸ்பரசும் அதில் சிறிதளவு கலந்திருக்கக்கூடும். அதனால் 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் இம்முறையைத் தடைசெய்துள்ளன. தோலில் கருந்திட்டுகள் உள்ள பழங்களைத் தவிர்ப்பதும், எப்பழத்தையும் ஓடும் நீரில் நன்கு கழுவுவதும் நாம் செய்யக்கூடிய பாதுகாப்பு.

முதல்நாள் சிறுமி பெட்டியைத் திறந்து பார்த்தாள். காய் காயாகவே இருந்தது. இரண்டாம் நாள் காம்பருகே இலேசான மணம் வந்தது. மூன்றாம் நாள் காலையில் அவள் பெட்டியைத் திறக்குமுன்பே வீடு முழுவதும் மாம்பழம் மணந்தது.

காத்திருந்த நாள்களில் ஆயா வேறு சொற்களையும் சொன்னார். மாவின் பிஞ்சு வடு. பலாவின் பிஞ்சு மூசு. வாழையின் பிஞ்சு கச்சல். தென்னை, பனை ஆகியவற்றின் இளம்பிஞ்சு குரும்பை. ஒரு சொல் நினைவுக்கு வராதபோது அவர் கண்ணை மூடிக்கொண்டு தம் ஊர்த் தோப்பை எண்ணிப் பார்ப்பார். சொல் வந்ததும் முகம் மலரும். சிறுமியின் குறிப்பேட்டில் பக்கங்கள் நிறைந்தன.

5. முக்கனி அமுது செய்யும் முறை

மா, பலா, வாழை ஆகிய மூன்றையும் தமிழர் முக்கனி என்பர். சர்க்கரை சேர்க்காமல், அடுப்பு மூட்டாமல் முக்கனியால் செய்யும் இனிப்பு இது.

தேவையான பொருள்கள் (ஆறு பேருக்கு)

நன்கு கனிந்த மாம்பழம் – 2
பலாச்சுளை – 8
ஏலக்கி வாழைப்பழம் – 4
வழுக்கையுள்ள இளநீர்க்காய் – 1
துருவிய தேங்காய் – 1 கோப்பை
தேன் – 2 மேசைக்கரண்டி
ஏலக்காய் – 3
எலுமிச்சை – அரை மூடி
உப்பு – ஒரு சிட்டிகை

செய்முறை

1. கைகளையும் கத்தியையும் பலகையையும் கழுவித் துடைக்கவேண்டும். பெரியவர் ஒருவர் அருகில் இருக்கும்போது மட்டுமே கத்தியைக் கையாளவேண்டும்.

2. மாம்பழத்தைக் கழுவி ஒரு மணிநேரம் குளிர்ந்த நீரில் ஊறவைக்கவேண்டும். காம்பருகே கசியும் பால் தோலில் உலர்ந்திருந்தால் நாவையும் உதட்டையும் அரிக்கச் செய்யும். காம்பைக் கிள்ளி அந்த இடத்தை நன்கு தேய்த்துக் கழுவவேண்டும்.

3. இளநீரை ஒரு பாத்திரத்தில் வடித்துக்கொள்ளவேண்டும். வழுக்கையை வழித்தெடுத்து மெல்லிய கீற்றுகளாக நறுக்கவேண்டும்.

4. துருவிய தேங்காயோடு இளநீரைச் சேர்த்து அரைத்துப் பிழிந்து, கெட்டியான பால் எடுக்கவேண்டும். தண்ணீர் சேர்க்கவேண்டியதில்லை. அப்பாலில் தேன், பொடித்த ஏலக்காய், உப்பு ஆகியவற்றைக் கலக்கவேண்டும்.

5. மாம்பழத்தின் இரு கதுப்புகளையும் கொட்டையை ஒட்டி அரிந்து, தோலை நீக்கிச் சிறு கட்டங்களாக நறுக்கவேண்டும். பலாச்சுளையிலிருந்து கொட்டையை எடுத்துவிட்டு நீளவாக்கில் கீறவேண்டும். பலாக்கொட்டையை எறிந்துவிடக்கூடாது, அது மறுநாள் குழம்புக்கு உதவும்.

6. வாழைப்பழத்தை எல்லாவற்றுக்கும் கடைசியில் நறுக்கவேண்டும். நறுக்கியவுடன் எலுமிச்சைச் சாற்றைத் தெளித்து மெல்லப் புரட்டவேண்டும்.

7. நறுக்கிய கனிகளையும் வழுக்கையையும் ஒன்றுசேர்த்து, பரிமாறுவதற்குச் சற்றுமுன் தேங்காய்ப்பாலை ஊற்றவேண்டும். வெயில் நாளில் தேங்காய்ப்பால் விரைவில் புளித்துவிடும். ஆகவே இரண்டு மணிநேரத்திற்குள் உண்டுவிடவேண்டும்.

குளிர்ச்சி வேண்டுவோர் பாத்திரத்தை மண்பானைத் தண்ணீரில் அமிழாமல் நிறுத்திவைக்கலாம். மண்பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தையும் எடுத்துச் செல்கிறது. அதனால் உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது.

சிறுமிக்கு இப்போது தன் முதல் முயற்சி ஏன் தவறியது என்பது விளங்கியது. நறுக்கிய வாழையிலுள்ள நொதிகள் காற்றோடு சேர்ந்து அதனைக் கறுக்கச் செய்தன. எலுமிச்சையின் புளிப்பு அதனைத் தடுக்கிறது. கொட்டிய சர்க்கரை கனிகளுக்குள் இருந்த நீரை வெளியே இழுத்துவிட்டது. மாங்கனியோ கனியவே இல்லை.

6. இரண்டு மணித்துளி

போட்டி நாளன்று சிறுமி தன் கிண்ணத்தின்முன் நின்றாள். கால்கள் நடுங்கின. வழக்கமாகத் தமிழில் பேசத் தொடங்கினால் பாதியில் சொல் கிடைக்காமல் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவாள். அன்று குறிப்பேட்டைப் பார்க்காமலே பேசினாள். தாற்றிலிருந்து சீப்பையும், சீப்பிலிருந்து பழத்தையும் எடுத்ததைச் சொன்னாள். வெம்பலுக்கும் அளியலுக்கும் வேறுபாடு கூறினாள். மூன்று நாள் காத்திருந்ததைச் சொன்னபோது அவள் குரலில் நடுக்கம் இல்லை.

பேசி முடித்ததும் கன்னட வகுப்பு மாணவன் ஒருவன், “எங்கள் வீட்டிலும் இதைப்போல் ஒன்று செய்வார்கள். வாழைப்பழத்தில் செய்வது ரசாயன. மாம்பழத்தில் செய்வது சீகரணெ” என்றான். பழனித் திருக்கோயிலின் பஞ்சாமிர்தமும் இவ்வகையைச் சேர்ந்ததே என்று ஆசிரியர் எடுத்துரைத்தார்.

முதற்பரிசு வேறொரு மாணவிக்குக் கிடைத்தது. ஆனால் சிறுமியின் கிண்ணம் மணி அடிக்குமுன்பே காலியாகிவிட்டது. அவள் ஆயாவுக்கென்று ஒரு சிறு கிண்ணத்தில் முன்பே எடுத்துவைத்திருந்தாள்.

மாலையில் ஆயா அதனைச் சுவைத்தார். “மாம்பழம் நன்றாகக் கனிந்திருக்கிறது” என்றார். பிறகு பேத்தியின் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கினார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். “இன்னும் ஒரு சொல் நினைவுக்கு வந்தது, கண்ணு. எழுதிக்கொள்” என்றார்.

அறிந்துகொள்வோம்

• பழனிப் பஞ்சாமிர்தம் 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. மலைவாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய் ஆகியவை அதன் முதன்மைப் பொருள்கள். பேரீச்சம்பழமும் கற்கண்டும் உடன் சேர்க்கப்படும்.

• பிஞ்சு, தோல், குலை, கெட்டுப்போன கனி முதலியவற்றைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களை மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் திரட்டி வகைப்படுத்தியுள்ளார். வடு, மூசு, கச்சல், வெம்பல், அளியல் ஆகியவை அவற்றுள் சில.

• பெங்களூரு நகரில் இராமநவமி நாளன்று பானகமும் நீர்மோரும் கோசம்பரியும் வழிப்போக்கர்க்கு வழங்கப்படும். இவையும் கோடைக்கு ஏற்ற, அடுப்பு மூட்டாத உணவுகளே.

மொழியை அறிவோம்

அ. உடன்பிறந்த சொற்கள்

தமிழும் கன்னடமும் ஒரே மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பழங்கன்னடத்தில் பகரத்தில் தொடங்கிய சொற்கள் பல, பிற்காலத்தில் ‘ஹ’ என்னும் ஒலிக்கு மாறின. கீழ்வரும் இணைகளை உரக்கப் படித்துப் பார்க்க.

பலா – ஹலசு
பழம் – ஹண்ணு
பால் – ஹாலு
புலி – ஹுலி
பல் – ஹல்லு

தமிழில் வகரத்தில் தொடங்கும் சொற்கள் சில, கன்னடத்தில் பகர ஒலியோடு தொடங்கும். ‘அன்பு’ என்னும் சொல்லில் வரும் பகரத்தைப்போல அதனை ஒலிக்கவேண்டும். வாழை – பாளெ, வெல்லம் – பெல்ல என்பன சான்றுகள்.

ஆ. சொற்கள் சேரும் முறை

மா + பழம் = மாம்பழம்
பலா + பழம் = பலாப்பழம்
வாழை + பழம் = வாழைப்பழம்

பலா, வாழை ஆகியவற்றோடு ‘பழம்’ சேரும்போது ‘ப்’ என்னும் வல்லெழுத்து மிகுந்தது. ‘மா’ என்னும் மரப்பெயரோடு சேரும்போது மட்டும் அதன் இனமாகிய ‘ம்’ என்னும் மெல்லெழுத்து வந்தது. ‘மா + காய்’ சேரும்போது ககரத்திற்கு இனமாகிய ‘ங்’ தோன்றி ‘மாங்காய்’ என்றாகும்.

சொல்லும் பொருளும்

தாறு – வாழையின் முழுக்குலை
சுளை – பலாப்பழத்தின் உண்ணும் பகுதி
சடை – பலாச்சுளைகளைச் சூழ்ந்திருக்கும் நார்
கதுப்பு – மாம்பழத்தின் சதைப்பகுதி
வழுக்கை – இளநீர்க்காயின் இளந்தேங்காய்
வெம்பல் – சூட்டினால் பழுத்த பிஞ்சு
சிவியல் – சுருங்கிய பழம்
அளியல் – மிகக் கனிந்து குழைந்த பழம்
வளி – வாயு, காற்று
மணித்துளி – நிமிடம்

பயிற்சிகள்

1. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

அ) ரஸ்ஸல் சந்தை திறக்கப்பட்ட ஆண்டு ________. (1809 / 1927 / 1933)
ஆ) பலாவின் பிஞ்சு ________. (வடு / மூசு / கச்சல்)
இ) காய் கனியும்போது வெளிப்படும் வளி ________. (எத்திலீன் / அசிட்டிலீன் / ஆர்சனிக்)
ஈ) ‘மா + காய்’ சேர்ந்தால் கிடைக்கும் சொல் ________. (மாக்காய் / மாங்காய் / மாம்காய்)

2. பொருத்துக.

அ) தாறு – இளநீர்க்காய்
ஆ) சுளை – மாம்பழம்
இ) கதுப்பு – வாழை
ஈ) வழுக்கை – பலா

3. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

அ) பெங்களூருவின் படைக் குடியிருப்பை மக்கள் எச்சொல்லால் அழைத்தனர்?
ஆ) பலாப்பழத்தைப் பிளக்கும்போது கையில் எண்ணெய் தடவுவது ஏன்?
இ) வாழைப்பழத்தைக் கடைசியில் நறுக்கவேண்டும் என்று கூறப்படுவதற்குக் காரணம் என்ன?
ஈ) மண்பானை நீர் எவ்வாறு குளிர்கிறது?

4. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.

அ) சிறுமியின் முதல் முயற்சியில் நேர்ந்த பிழைகளையும் அவற்றின் காரணங்களையும் எழுதுக.
ஆ) கால்சியம் கார்பைடு கொண்டு பழுக்கவைப்பது ஏன் தடைசெய்யப்பட்டுள்ளது?
இ) ‘சொல்லைக் கற்றதும் கனிகளும் அவள் கண்ணுக்கு வெவ்வேறாகத் தெரியத் தொடங்கின.’ இத்தொடரின் பொருளை உம் சொந்த நடையில் விளக்குக.

5. சிந்தித்து விடை கூறுக.

“இன்னும் ஒரு சொல் நினைவுக்கு வந்தது” என்று ஆயா கூறினார். இத்தனை ஆண்டுகள் அச்சொல் அவர் நினைவுக்கு வராமல் இருந்தது ஏன்? இப்போது வந்தது ஏன்?

6. செயல்பாடு

அ) உம் வீட்டுப் பெரியவரோடு அருகிலுள்ள சந்தைக்குச் செல்க. மூன்று கனிகளின் பெயர்களைத் தமிழிலும், நீர் வாழும் ஊரின் மொழியிலும் கேட்டு எழுதுக. அவற்றுள் ஒலியால் ஒத்தவை உண்டா எனக் காண்க.

ஆ) உம் வீட்டுப் பெரியவர் சிறுவயதில் வழங்கி, இப்போது வழங்காத ஐந்து தமிழ்ச் சொற்களைக் கேட்டறிந்து, பொருளுடன் குறிப்பேட்டில் எழுதிவந்து வகுப்பில் படித்துக்காட்டுக.